திருத்தி எடுத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்: திருகோணமலையில் நியாய விலை பார்ப்பது எப்படி?

உவர்மலையில் ஒரு வீட்டுக் கொட்டிலில் நிற்கும் சிவப்பு எம்.ஜி.பி.யைப் பார்த்துவிட்டு வந்த தம்பி ஒருவர், "அண்ணை, முழுக்கத் திருத்தினது எண்டு சொல்லினம். கேக்கிற விலை சரியோ?" என்று கேட்டார். அன்று வாயால் சொன்ன பதிலையும், அதற்குப் பிறகு வேறு பலர் கேட்டவற்றுக்குச் சொன்னதையும் ஒழுங்காக எழுதிவைத்தால் உதவும் என்று தோன்றியது. இந்தக் கார்களோடு எனக்கு இருபது வருடப் பழக்கம். ஒன்றை ஏமாந்து வாங்கினேன், இரண்டைத் திருத்தி எடுத்தேன், ஒன்றை விற்றேன். இங்கே நான் பேசுவது நம் நாட்டில் எஞ்சியிருக்கும் பிரித்தானிய இரண்டு இருக்கைக் கார்களைப் பற்றி: எம்.ஜி.யின் டி.டி, டி.எஃப், எம்.ஜி.ஏ, எம்.ஜி.பி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், தவளைக்கண் என்று செல்லமாகச் சொல்லப்படும் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்.

விற்பவர் பில்களைக் கட்டாகக் காட்டுகிறார். செலவழித்த காசுதானே விலை?

இல்லை. வாங்க வருபவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பழைய ஸ்போர்ட்ஸ் காரை முறையாகத் திருத்தும் செலவு, அந்தக் காரின் சந்தை விலையைத் தாண்டிப் போவது உலகம் முழுக்க வழக்கம். இங்கிலாந்திலேயே ஓர் எம்.ஜி.பி.யை அடி முதல் நுனி வரை செய்து எடுத்தவர் போட்ட காசைத் திருப்பி எடுப்பது அரிது. ஆசைக்காகச் செலவழித்த பங்கை விற்பவர்தான் தாங்கவேண்டும். வாங்குபவர் தருவது கார் இன்று நிற்கும் நிலைக்கான விலை.

ஆனால் பில்களைத் தள்ளிவைக்காதீர்கள். அவை விலையைச் சொல்லாது, வேலையைச் சொல்லும். "டிங்கரிங், பெயின்ட், மொத்தம்" என்று ஒரே வரியில் ஒரு பெரிய தொகை எழுதிய பில்லில் இருந்து எதுவும் தெரியவராது. "இடது சில், வலது சில், இரண்டு தரைத் தகடு, முன் மட்கார்ட் இரண்டும் கழற்றிப் பூட்டிய கூலி" என்று பிரித்து எழுதிய பில் பேசும். (சில் என்று இங்கே சொல்வது சக்கரத்தை அல்ல, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பகுதியை.) திகதிகளையும் பாருங்கள். ஒரே வேலை இரண்டு கராஜ்களில் இரண்டு தடவை நடந்திருக்கும். முதல் கராஜ் கெடுத்ததை இரண்டாவது கராஜ் சரி செய்திருக்கும். அந்த வேலைக்கு ஒரு தடவைதான் நீங்கள் விலை கொடுக்கவேண்டும்.

விற்பவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. சில வாரங்களுக்குள் 360ஐத் தொட்டது. அதற்கு முன் இங்கிலாந்தில் இருந்து எடுப்பித்த சாமான்களை இன்று அதே காசுக்கு எடுக்க முடியாது. ஆகவே நல்ல சாமான் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும் கார், பழைய பில்லில் உள்ள தொகையைவிடக் கூடப் பெறுமதி உடையதாக இருக்கலாம். "இப்ப செய்யப் போனா இரட்டிப்புச் செலவு" என்று அவர் சொன்னால் அது பொய்யல்ல. எந்தச் சாமான், எங்கே பூட்டியிருக்கிறது என்பதைக் காட்டினால் அந்த வாதத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

அப்படியானால் விலையை எங்கிருந்து தொடங்குவது?

மேலிருந்து தொடங்கிக் கீழே இறங்குங்கள். அதே மொடல், உண்மையாகவே நல்ல நிலையில் உள்ள ஒன்று, நம் நாட்டில் அண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பதுதான் முதல் எண். கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. விளம்பரத்தில் ஆறு மாதமாக நிற்கும் விலை, யாரும் கொடுக்காத விலை. கொழும்பிலும் கண்டியிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். நாலு பேரிடம் நேரில் கேட்டால் உண்மையான தொகை வெளிவரும்.

பவுணில் உள்ள விலையை ரூபாவுக்கு மாற்றிப் பார்ப்பது இங்கே பொருந்தாது. பாவித்த காரை இறக்குமதி செய்ய வயதெல்லை இருப்பதால், ஐம்பது வருடம் பழைய காரைச் சாதாரண வழியில் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. உள்ளே இருப்பவைதான் இருப்பவை. அதனால் விலை இங்கே தனிப் போக்கில் ஏறி இறங்குகிறது. அதே காரணத்தால் ஒரே மொடலில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மூன்று கார்கூடச் சிக்காமல் போகலாம். அப்போது பக்கத்து மொடலைப் பாருங்கள்: ஸ்பிட்ஃபயருக்கு ஸ்பிரைட், டி.எஃப்.க்கு டி.டி.

பிறகு கழிக்கத் தொடங்குங்கள். கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஓர் எண்ணை வைப்போம். நல்ல கார் 60 லட்சத்துக்குப் போனது. நீங்கள் பார்த்த காரில் மேல் துணி கிழிந்திருக்கிறது, இரண்டாவது கியர் விழும்போது அரைக்கிறது, சில் இரண்டும் சந்தேகம். உங்களுக்குப் பழக்கமான பாஸ் (கராஜ் மெக்கானிக்) துணிக்கு 3, கியர்பொக்ஸுக்கு 4, சில்லும் அதோடு வரும் பெயின்டும் 9 என்று சொல்கிறார். 60இல் 16 போனால் 44. திறந்து பார்க்க முடியாத இடங்களுக்காக இன்னும் கொஞ்சம் கழியுங்கள். 40க்கும் 44க்கும் நடுவில் எங்கேயோ நியாய விலை இருக்கிறது. விற்பவர் 65 கேட்டால் அவரோடு கோபிக்க வேண்டியதில்லை, இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டலாம். தொகைகளை உங்கள் பாஸ் சொல்வதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள். முறை இதுதான்.

"முழுக்க ரெஸ்டோர் பண்ணினது" என்றால் என்ன அர்த்தம்?

சொல்பவரைப் பொறுத்தது. ஒருவருக்கு அது புதுப் பெயின்டும் இருக்கை உறையும். இன்னொருவருக்கு அது கடைசி ஆணி வரை கழற்றி, உடலை வெறும் தகடாக்கி, உக்கியதை வெட்டி எறிந்து, புதுத் தகடு ஒட்டி, எஞ்சினைப் பிரித்து அளந்து பூட்டியது. இரண்டுக்கும் நடுவில் பல படிகள். விலையிலும் அத்தனை படிகள்.

படம் கேளுங்கள். இப்போது எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. இரண்டு வருடம் ஒரு காரைத் திருத்தியவர் ஒரு படமும் எடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு அது பெரிய குறை. பெயின்ட் பளபளக்கும் படம் தேவையில்லை. கார் அசிங்கமாக நிற்கும் படம் தேவை: தரை ஓட்டையாக, சில் வெட்டப்பட்டு, பிறைமர் அடித்த நிலையில். அந்தப் படங்கள் உள்ள காருக்கு நான் தயங்காமல் கூடக் கொடுப்பேன், ஏனென்றால் மேலே சொன்ன "திறந்து பார்க்க முடியாத இடங்களுக்காக" கழிக்கும் தொகையை அவை குறைத்துவிடுகின்றன.

கறளை எங்கே தேடுவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

எங்கள் ஊர்ப் பெயர்களிலேயே உப்பு இருக்கிறது: உவர்மலை, உப்புவெளி. மூன்று பக்கமும் கடல். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வெளித் தகட்டில் படிந்த உப்பை மழை கழுவிவிடும், ஆனால் சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் பெட்டி போன்ற குறுக்குத் தண்டுகளுக்குள்ளும் புகுந்த உப்பை யாரும் கழுவுவதில்லை. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே தகடு ஈரமாகவே இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கத் தொடங்கினால் இன்னும் மோசம். ஆகவே டச்சுக் குடாப் பக்கத்தில் பத்து வருடம் நின்ற காரையும், அதே பத்து வருடம் கண்டியில் நின்ற காரையும் ஒரே விலைக்குப் பார்க்காதீர்கள்.

எம்.ஜி.பி.க்குத் தனிச் செஸி இல்லை. உடலே செஸி. கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் காரின் முதுகெலும்பு, அதுவும் ஒரு தகடல்ல, வெளிச் சில், நடுத் தகடு, உட்சில் என்று அடுக்காக இருக்கும். அதை முறையாக மாற்றுவதற்கு முன் மட்கார்டைக் கழற்றியே ஆகவேண்டும், ஏனென்றால் சில் அதற்குப் பின்னாலும் போகிறது. சோம்பேறி வேலை எது தெரியுமா? உக்கிய சில்லின் மேலேயே ஒரு புதுத் தகட்டைப் போர்த்தி ஒட்டி, பட்டி தடவிப் பெயின்ட் அடிப்பது. அழகாக இருக்கும், பலம் இருக்காது. சோதனை சுலபம்: கதவை மூடி, கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு ஜக் வைக்கவேண்டிய இடத்தில் ஜக் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். இடைவெளி நெருங்கினாலோ, கதவைத் திறக்கும்போது இறுகினாலோ முதுகெலும்பு போய்விட்டது. ஜக் வைக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவும் பதில்தான்.

இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து பற்றரிப் பெட்டிகளைப் பாருங்கள். 1974 வரையிலான எம்.ஜி.பி.க்கு இரண்டு 6 வோல்ற் பற்றரிகள் அங்கேதான் இருந்தன. அசிட்டும் தண்ணீரும் சேர்ந்து அடித்தட்டைத் தின்றிருக்கும். முன் சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் கீழ் மூலை, பின் வில் (ஸ்பிரிங்) பிடிக்கும் இடம், கண்ணாடிச் சட்டத்தின் அடி: இவற்றைக் கையால் தடவிப் பாருங்கள்.

காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்: தொடக்க கால எம்.ஜி.பி.யின் போனட் அலுமினியம், எம்.ஜி.ஏ.யின் கதவு, போனட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியத் தோல். அங்கே காந்தம் ஒட்டாமல் இருப்பதுதான் சரி. ஒட்டினால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் செஸி உண்டு, ஆனாலும் சில் அங்கேயும் பலத்துக்குத்தான். முன்பகுதி முழுவதும் ஒரே போனட்டாகத் தூக்கப்படுவதால் முன் செஸியை நன்றாகப் பார்க்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் அடி மூட்டுக்குக் கிறீஸ் அல்ல, தடித்த கியர் ஒயில் போடவேண்டும். விற்பவரிடம் "அதுக்கு என்ன போடுறீங்கள்?" என்று கேளுங்கள். பதிலில் இருந்து அவர் காரை எப்படிப் பார்த்தார் என்பது தெரிந்துவிடும். ஸ்பிரைட்டில் பின் வில் உள்ளே நுழையும் பெட்டியைப் பாருங்கள்.

டி.டி.யும் டி.எஃப்.உம் வேறு கதை. செஸி உறுதியானது, உடல் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம். எங்கள் வெயிலும் கச்சான் காற்றும் மரத்தை உலர்த்திப் பிளக்கும், வாடை அதை ஊறவைக்கும், கறையானும் உண்டு. கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். பிணைச்சல் ஆடினால் சின்ன வேலை. கதவு பிடித்திருக்கும் தூணே ஆடினால் மரம் போய்விட்டது, அது பெரிய வேலை. நம் ஊரில் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள், ஆனால் வளைவும் கோணமும் சரியாக வர ஒரு முழு மாதிரி வேண்டும்.

நான் ஏமாந்த கார் ஓர் எம்.ஜி.பி. வேறொரு ஊரில் ஒரு கராஜில் வாங்கினேன். வைகாசியில் வாங்கியபோது கண்ணாடிபோல இருந்தது. மார்கழியில் கதவுக்குக் கீழே ஒரு கொப்புளம், பிறகு மூன்று. பாஸ் உளியால் தட்டியதும் கைப்பிடி அளவு பட்டி விழுந்தது. அதற்குப் பின்னால் மடித்துத் திணித்த பத்திரிகைத் தாள். தாள் வாங்கிய ஆண்டின் சித்திரை மாதத்தது. அன்றிலிருந்து நான் மழை மாதத்தில் மட்டுமே பழைய கார் பார்க்கப் போகிறேன்.

சுனாமித் தண்ணீர் பட்ட காரை அறிய முடியுமா?

முடியும். 2004 டிசம்பர் 26இல் கரையோரக் கொட்டில்களில் நின்ற பல வாகனங்களுக்குள் கடல் வந்துபோனது. அவற்றில் சில பிறகு திருத்தப்பட்டன. மேலே எதுவும் தெரியாது. டாஷ்போர்ட்டின் பின்பக்கம் விளக்கு அடித்துப் பாருங்கள், வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும். அலுமினியப் பாகங்களில் வெள்ளை மா படிந்து குழி விழுந்திருக்கும். கதவு உட்தட்டைக் கழற்றினால் மூலையில் மெல்லிய மணல் கிடக்கும். இருக்கையின் உள் வில்லைத் தடவினால் விரல் சிவக்கும். வயரிங் முழுவதையும் மாற்றி, உடலை வெட்டி ஒட்டிய ஆதாரம் இருந்தால் அந்தக் காரை வாங்கலாம். இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். அதே சமயம், "எங்கட காருக்குள்ள அண்டைக்குத் தண்ணி வந்தது" என்று தானாகவே சொல்லும் வீட்டுக்காரரை மதியுங்கள். அவர் மற்றதையும் உண்மையாகச் சொல்வார்.

எஞ்சின்?

உடலோடு ஒப்பிட்டால் எஞ்சின் சின்னக் கவலை. எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சின் எளிமையானது, சாமான் இன்றும் செய்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். நன்றாகச் சூடான பின் ஓட்டத்தில் ஒயில் பிறஷர் 50 பி.எஸ்.ஐ.க்குக் கிட்ட நின்றால் நிம்மதி. முடுக்கி விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் கழிக்கும் பட்டியலில் சேருங்கள். ஈயம் கலந்த பெற்றோல் இப்போது இல்லை என்பதால், ஹெட் திருத்தியபோது கடினமான வால்வ் சீற் போட்டார்களா என்று கேளுங்கள்.

எஞ்சின் ஜப்பான் எஞ்சினாக இருக்கிறது. விலை குறையுமா?

குறையும், ஆனால் அவமானம் இல்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாக இருந்த காலத்தில் பிரித்தானியச் சாமான் கிடைக்காமல் எத்தனையோ கார்கள் கல்லில் ஏறின. பொருளாதாரம் திறந்தபின் கிடைத்தது ஜப்பான் எஞ்சின்தான். அந்த எஞ்சின் அந்தக் காரை உயிரோடு வைத்திருந்தது. அதைப் பூட்டிய பாஸ்மாரை நான் குறை சொல்லமாட்டேன்.

விலைக்கு வரும்போது இரண்டு விஷயம் பாருங்கள். எஞ்சினைப் பொருத்தச் செஸியையோ உடலையோ வெட்டியிருக்கிறார்களா? வெட்டாமல் பொருத்தியிருந்தால் பழையபடி ஆக்கலாம், வெட்டியிருந்தால் கடினம். அடுத்தது, புது எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? பழைய எஞ்சினைச் சாக்கில் கட்டி வைத்திருந்து காரோடு தருகிறார் என்றால் அந்தச் சாக்குக்கும் விலை உண்டு.

இதேபோல, 1974 இறுதிக்குப் பிறகு வந்த கறுப்பு ரப்பர் பம்பர் எம்.ஜி.பி.யைச் சிலர் குரோம் பம்பராக மாற்றுவார்கள். அதை மாற்றியது என்று சொல்லி விற்றால் பிரச்சினை இல்லை. 1960களின் கார் என்று சொல்லி விற்றால், செஸி இலக்கத்தின் முன்னெழுத்தைப் பாருங்கள். 1962 முதல் 1967 வரையிலான திறந்த எம்.ஜி.பி.யின் இலக்கம் ஜீ.எச்.என்.3 என்று தொடங்கும். ஜீ.எச்.என்.5 என்றால் அது பிந்தியது.

"வெள்ளைக்கார நேவி ஒஃபிசர் வைத்திருந்த கார்" என்கிறார்கள். அதற்குக் கூடக் கொடுக்கலாமா?

திருகோணமலையில் இந்தக் கதை எல்லாக் காருக்கும் உண்டு. சிலதுக்கு உண்மை. பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து 1957இல் வெளியேறியது. எம்.ஜி.பி. தொழிற்சாலையில் இருந்து முதலில் வெளிவந்தது 1962இல். ஆகவே எம்.ஜி.பி.க்கு அந்தக் கதை பொருந்த வழியே இல்லை. 1950 முதல் 1953 வரை செய்யப்பட்ட டி.டி.க்கும், 1953 முதல் 1955 வரையிலான டி.எஃப்.க்கும் பொருந்தலாம்.

இலக்கத் தகடும் பேசும். 1950களின் நடுப்பகுதி வரை சீ.வை, ஈ.எல், ஈ.என் போன்ற ஆங்கில எழுத்து இலக்கங்கள். அதற்குப் பிறகு சிங்கள 'ஸ்ரீ' எழுத்து. அந்த எழுத்துக்கு எதிராக வடக்கிலும் கிழக்கிலும் நடந்த போராட்டத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1952 டி.டி. என்று சொல்லப்படும் கார் ஸ்ரீ இலக்கத்தில் இருந்தால், அது பிறகு பதியப்பட்ட கார். ஏன் என்று கேளுங்கள். நல்ல காரணம் இருக்கலாம்.

எழுத்தில் உள்ள கதைக்கு மட்டும் காசு கொடுங்கள். இங்கிலாந்தில் கேய்டன் என்ற இடத்தில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், எம்.ஜி, ஒஸ்டின் ஹீலி, ட்ரையம்ப் கார்கள் பலவற்றின் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குச் சான்றிதழ் தருகிறது. செய்த திகதி, முதல் நிறம், எஞ்சின் இலக்கம், அனுப்பிய இடம் போன்றவை அதில் இருக்கும். கேட்கும் விலையோடு பார்த்தால் அதன் செலவு சிறிது. அதை எடுத்துவைத்திருக்கும் விற்பவரின் காருக்கு நான் கூடக் கொடுப்பேன்.

புத்தகத்தில் என்ன பார்க்கவேண்டும்?

பதிவுப் புத்தகத்தில் உள்ள செஸி இலக்கமும் காரில் அடித்துள்ள இலக்கமும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒத்துப்போகவேண்டும். உரிமையாளர் பெயர் விற்பவர் பெயராக இருக்கவேண்டும்.

எங்கள் பகுதியில் இது சும்மா சொல்லும் நிபந்தனை அல்ல. போரில் இறந்தவர்கள், கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் பெயரில் இன்னும் எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. கையெழுத்து வைத்த வெறும் படிவத்தோடு நாலு கை மாறிய கார்களும் உண்டு. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் சட்டப்படி பெயர் மாற்றித் தரும்வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். பெயருக்கு மாற்ற முடியாத காரை நல்ல கார் என்ற கணக்கில் சேர்க்கவேண்டாம், அது சாமான் விலைக்குத்தான் பெறுமதி. வருடாந்த வரிப் பத்திரம் எத்தனை வருடம் எடுக்காமல் கிடக்கிறது என்பதையும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நிலுவை இருந்தால் யார் கட்டுவது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்க எந்தப் பாதை?

பட்டணத்துக்குள் மட்டும் ஓட்டிவிட்டு வராதீர்கள். உவர்மலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏற்றுங்கள், கிளச் வழுக்கினால் தெரியும். அநுராதபுரச் சந்தி நெரிசலில் பத்து நிமிடம் நில்லுங்கள், சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு கன்னியாப் பக்கம் திரும்பி நல்ல வீதியில் கொஞ்சம் வேகமாக ஓட்டி, ஸ்டியரிங்கை லேசாக விட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனியுங்கள். பிறேக்கைச் சோதிக்க முன் கண்ணாடியில் பின்னால் பாருங்கள், கோட்டைப் பக்கம் என்றால் மானையும் பாருங்கள்.

விற்பவர் தெரிந்தவர், அப்பாவின் நண்பர். விலை குறைத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், எனக்கும் இருந்த கூச்சம்தான். "மாமா, கொஞ்சம் குறையுங்கோ" என்று கேட்பதுதான் மரியாதைக் குறைவு, ஏனென்றால் அதில் காரணம் இல்லை. "மாமா, நீங்க கார் வச்சிருந்த விதம் தெரியும். ஆனா வலப்பக்கச் சில்லை மாத்த வேணும் எண்டு பாஸ் சொல்றார், இதுதான் அவர் தந்த கணக்கு" என்று தாளை நீட்டினால் அவரும் தாளைப் பார்த்துப் பேசுவார். அவர் அந்தக் காரை நேசித்தவர். குறையைக் குறையாகச் சொல்லுங்கள், காரைப் பழிக்காதீர்கள். ஒத்துவராவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்புங்கள். வெறுங்கையோடு வந்தாலும் உறவு மிஞ்சும்.

இடையில் தரகரை வைத்தால் அவர் பங்கு யார் தலையில் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வாங்கினால் பிறகு விலை ஏறுமா? முதலீடாக நினைக்கலாமா?

நினைக்கவேண்டாம். வாங்கிய விலையைவிடக் கூட விலைக்கு விற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கொட்டில், மழை மாதப் பராமரிப்பு, ரயர், காப்புறுதி எல்லாம் சேர்ந்தால் ஏற்றம் அதற்கே போய்விடும். காப்புறுதி எடுக்கும்போது மட்டும், விபத்து நடந்தால் எந்தத் தொகையைத் தருவார்கள் என்பதை மதிப்பீட்டு அறிக்கையோடு எழுத்தில் வாங்குங்கள். சாதாரண பழைய கார் என்று கணக்குப் போட்டுவிட்டால் நட்டம் உங்களுக்கு.

நான் விற்கப் போகிறேன். நியாயமாக எவ்வளவு கேட்பது?

மேலே சொன்ன கணக்கை நீங்களே உங்கள் காருக்குப் போடுங்கள், வாங்குபவர் வருவதற்கு முன். குறைகளை ஒரு தாளில் எழுதி வாசலிலேயே கொடுங்கள். சொன்ன குறைக்கு ஒரு தடவைதான் விலை குறையும். மறைத்து, அவர் கண்டுபிடித்த குறைக்கு, அவர் காணாத குறைகளையும் சேர்த்துக் கழிப்பார்.

புதுப் பெயின்ட் அடித்து விற்கவேண்டாம். எங்கள் ஊரில் புதுப் பெயின்டைக் கண்டால் விஷயம் தெரிந்தவர் பின்வாங்குவார். அந்தக் காசுக்கு அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, உலரவிட்டு, சில் போன்ற பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு அடியுங்கள். திருத்தியபோது எடுத்த படங்களை வரிசைப்படுத்துங்கள். வெட்டி எடுத்த உக்கிய சில் துண்டு ஒன்றை வைத்திருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள். நான் என் காரை விற்றபோது அந்தத் துண்டை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். வாங்க வந்தவர் காரைச் சுற்றி ஒரு தடவைதான் நடந்தார். டின்னைத் திறந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்துத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு நான் கேட்டதில் ஒரு லட்சம் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். டின்னையும் அவரே கொண்டுபோனார்.